ஒன்பது போட்டோவில் ஒரு படம்

2004 ஜூன் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணிக்கு மெஸ் ஹாலில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் வருமாறு. டி.வி.க்கு நேர் எதிரே, முதல் பெஞ்சில், கார்மேகம். குவாரியில் பாறை துளைக்கிற டிரில்லர். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். அவனுக்குப் பின்னால், ஏ.சி. காற்று படுகிற இடமாகப் பார்த்து, சுவரில் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு மீரா சாகிபு காக்கா. கீழக்கரைக்காரர், அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்; கேம்ப் வாசலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடைசி இரண்டு பெஞ்சுகளில் நீட்டிப் படுத்தபடி பெஷாவர் லாரி டிரைவர்கள் மூன்று பேர். அவர்கள் படம் பார்க்கவில்லை, தூங்கினார்கள். கதவோரம், ரிமோட்டோடு, நான். பெயர் முகம்மது சித்தீக், ஊர் தொண்டி. குவாரி கேட்டில் வெளியே போகும் லாரிகளின் நம்பரையும் நேரத்தையும் எழுதுவது என் டூட்டி. டூட்டி முடிந்தால், கேம்ப்பில் யாருக்குக் கடிதம் வேண்டுமோ அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் நான்தான். இடம், நாள், முன்னிலை என்று போட்ட பிறகே விஷயத்துக்கு வருவது பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம்.

எங்கள் கேம்ப் ராஸ் அல் கைமாவின் வடக்குக் கோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது. மலையைத்தான் நாங்கள் உடைத்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்குக் கம்பளி மாட்டி வெயிலை மறைத்திருந்தும், ஒரு ஓட்டை வழியே கோல் போல வெளிச்சம் உள்ளே நீண்டு கிடந்தது. அதில் சுண்ணாம்புக் கல்லின் தூசி மெல்ல ஏறி இறங்கியது. கிரிக்கெட் தேடிப்போன ரிமோட் ஏதோ ஒரு சேனலில் நின்றது. கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்ணின் முகம். அந்த முகத்தின் மேலும் தூசி ஓடிக்கொண்டிருந்தது. எது ஹாலில் மிதக்கும் தூசி, எது எண்பது வருஷத்துக்கு முந்திய தூசி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சவுண்டு வைங்க பாய்" என்றான் கார்மேகம்.

"வச்சுத்தான் இருக்கு. பேச்சே கிடையாது. ஊமைப்படம்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "ஊமைன்னு சொல்லாதீங்க பாய். பேசாத படம்னு சொல்லுங்க."

அப்போது எனக்குக் காரணம் தெரியாது. இருந்தாலும் அன்றிலிருந்து அப்படியே சொல்கிறேன்.

அந்தச் சேனலில் வெள்ளிக்கிழமைதோறும் அதே நேரத்துக்கு அதே நடிகையின் படங்கள் வந்தன. படத்துக்கு முன்பும் பின்பும் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து அவளுடைய வாழ்க்கையை இங்கிலீஷில் சொல்வார். எனக்குப் பாதி புரியும். புரிந்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன். பெயர் கோரா வின்ஸ்லி. பிறந்தது 1896. அப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்தான். பதினாறு வயதில் ஒரு சலவைக் கூடத்தில் சட்டைக் காலருக்குக் கஞ்சி போடும் வேலை. நெஞ்சுநோய்க்காரியான சித்திக்குத் துணையாக ரயிலேறிக் கலிபோர்னியா வந்தாள். வந்த இடத்தில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே ஆட்கள் கொட்டகை போட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வாசலில் வரிசையாக நின்றால், கூட்டத்தில் நிற்க ஆள் எடுப்பார்கள். நம்மூர்ச் சித்தாள் வேலைக்கு நிற்பது போலத்தான். ஒரு சாவுக் காட்சியில் அறுபது பேரை அழச் சொன்னார்கள். ஐம்பத்தொன்பது பேர் மாரடித்து அழ, இவள் மட்டும் அழாமல் நின்றாள். படத்தைப் போட்டுப் பார்த்தபோது டைரக்டரின் கண் அவள் மேல்தான் போய் நின்றதாம்.

நான்கு வருஷத்தில் அறுபத்தொரு சின்னப் படங்கள். ஆற்றில் குதித்தாள், எரிகிற வீட்டிலிருந்து வெளியே வந்தாள், ஓடுகிற ரயிலின் மேல் நடந்தாள். எல்லாம் அவளேதான். அவளுக்கு நீலக் கண். அந்தக் காலத்துப் பிலிமில் நீலம் வெள்ளையாக விழுந்து, குருட்டுக் கண் போலத் தெரியும். அதற்காகக் கேமராவைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட்டுத் துணி கட்டினார்கள். இருட்டைப் பார்த்துக் கண்மணி விரிய, கண் கறுப்பாய் விழுந்தது. அவள் அழ வேண்டிய காட்சிக்கு வயலின்காரர் ஒருவரைப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். படம் பார்க்கிறவனுக்குக் கேட்காத வயலின். இதை நான் சொன்னபோது கார்மேகம் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் பெஷாவர்க்காரர்களும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாஷை தெரிய வேண்டாத படம் என்பதால் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது.

"ஏன் சித்தீக்கு" என்றார் மீரா சாகிபு காக்கா, "இந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?"

"இருந்தா நூத்தி எட்டு, காக்கா."

"அப்ப நமக்குத் தோதுப்படாது. விடு."

ஆனால் அவர் விடவில்லை. அந்த வாரம் கடைக்குப் போனபோது, முந்தின நாள் மதியத் தூக்கத்தில் அவள் வந்ததாகச் சொன்னார். வெள்ளைக் கவுனோடு கல்லாவுக்கு எதிரே நின்று வாயை அசைத்தாளாம். என்ன கேட்கிறாள் என்று தெரியவில்லையாம். "நான் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறேன். சோப்பு காட்டுறேன், டின் பாலு காட்டுறேன், மாசிக்கருவாடு காட்டுறேன். தலையத் தலைய ஆட்டுறா. என்னதான் வேணும் அவளுக்கு, அல்லாவே!"

படத்தில் யாராவது பேசினால், பேசி முடித்தபின் எழுத்து வரும். அதைத் தமிழில் படித்துச் சொல்வது என் பொறுப்பு. எழுத்து வருமுன்னே என்ன பேசியிருப்பாள் என்று சொல்வது ஹாலில் ஒரு பந்தயம் போல ஆகிவிட்டது. ஒரு படத்தில் ரயில் நிலையம். காதலன் பட்டாளத்துக்குப் போகிறான். கோரா வின்ஸ்லியின் உதடு அசைகிறது.

"போகாதங்குறா" என்றார் காக்கா.

"இல்ல காக்கா" என்றான் கார்மேகம். "போறதுன்னா போ, எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போகாதங்குறா."

எழுத்து வந்தது. "போ. திரும்பிப் பார்க்காதே" என்று படித்தேன்.

"அடப்பாவி, நீ முதுகுளத்தூருலயா பொறந்த, ஹாலிவுட்டுலயா?"

"எம் பொண்டாட்டிக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது, காக்கா. மூஞ்சியப் பாத்துத்தான் குடும்பம் நடத்துனேன்."

காக்கா சாய்த்திருந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அப்புறம்தான் தாமரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம். சேர்ந்து இருந்தது பதினாலு மாதம். பள்ளிக்கூடம் போனவளில்லை, எழுத்துத் தெரியாது. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்கி வீட்டோடு பேசுவார்கள். கார்மேகமும் பேசுவான், அண்ணன் பெண்டாட்டி சந்தியாவோடு. அண்ணன் மணிமாறன் வீட்டில் போன் இருந்தது. அவன் சொல்வதைச் சந்தியா கைச்சாடையில் தாமரைக்குச் சொல்வாள். போன பொங்கலுக்கு வருவதாக அப்படித்தான் சொல்லி அனுப்பினான். கம்பெனியில் கல்லரைக்கும் புது கிரஷர் இறக்கினார்கள், லீவு ரத்தாகிவிட்டது. தாமரை வீட்டுக்கு வெள்ளையடித்து, பஸ் நிறுத்தத்தில் மூன்று நாள் போய் நின்றாளாம். அதற்குப் பிறகு, கார்மேகம் சொன்னான் என்று சந்தியா கையைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"அடுத்தவுக கை சொல்றத அவ இனிமே நம்ப மாட்டா பாய். எம் மூஞ்சி சொன்னாத்தான் நம்புவா" என்றான்.

அக்டோபரில் அவனுடைய இரண்டாவது காண்ட்ராக்ட் முடிகிறது. ஊரோடு போய்விடுவதாக இருந்தான். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? இது ஒன்றுதான் அவனுக்கு அந்த வெயில்காலம் முழுக்க நினைப்பு. கடிதம் எழுதட்டுமா என்றேன். "எழுதினா மதினிதான படிச்சுக் கைச்சாடையில சொல்லணும்? அதத்தான் அவ பாக்க மாட்டேங்குறாளே" என்றான். கேம்ப்பில் என் பேனா நின்றுபோனது அந்த ஒரு இடத்தில்தான்.

ஜூலை இரண்டாம் தேதி வந்த நிகழ்ச்சியில் அன்றைக்குப் படமே இல்லை. கோட்டுக்காரர் வந்து, கோரா வின்ஸ்லியின் மிகச் சிறந்த படம் கிடங்குத் தீயில் எரிந்துபோனது, மிஞ்சியது ஒன்பது போட்டோ மட்டும் என்றார். அந்த ஒன்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். கலங்கரை விளக்கின் கூண்டுக்குள் ஒரு பெண். அலை. உடைந்த படகு. மணலில் கிடக்கும் ஆள். அவன் தலையை மடியில் வைத்திருக்கிறாள். கப்பல் வருகிறது. அவன் கை காட்டுகிறான். வெறும் மணல். மறுபடியும் விளக்கு, பக்கத்தில் அவள், வேறு வயதில். ஒவ்வொன்றும் அரை நிமிஷம் நின்றது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே என்ன நடந்திருக்கும் என்பதை ஹாலில் இருந்த ஒவ்வொருவரும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டோம். முடிந்ததும், முழுப்படம் பார்த்து எழுந்த மாதிரி இருந்தது. அலைச் சத்தம் கேட்டதாகக்கூட ஒரு டிரைவர் உருதுவில் சொன்னார்.

கார்மேகம் எழுந்திருக்கவில்லை. "பாய், ஒம்போது போட்டோவுல முழுக்கதையும் தெரியுதே."

"தெரியுது."

"அப்ப எங்கதைக்கு எத்தனை போட்டோ வேணும்?"

கணக்குப் போட்டுப் பார்த்து, எட்டு போதும் என்று முடிவு செய்தோம். ஒன்று, தலையில் ஹெல்மெட்டோடு டிரில் மெஷினைப் பிடித்திருப்பது. இரண்டு, களைத்துப்போய் நெற்றியைத் துடைப்பது. மூன்று, ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைப்பது. நான்கு, இரண்டு கையையும் தட்டி, கலாஸ், முடிந்தது என்று காட்டுவது. ஐந்து, பாஸ்போர்ட். ஆறு, கயிறு கட்டிய பெட்டியோடு நிற்பது. ஏழு, தன் நெஞ்சையும் பிறகு பார்க்கிறவரையும் சுட்டுவது. எட்டு, சிரிப்பு.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையிலேயே டவுனுக்குப் போனோம். அங்கே நக்கீல் கடைத்தெருவில் கலீல் ரஹ்மானுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. காயல்பட்டினத்துக்காரர். பத்து வருஷமாக விசாவுக்கும் லேபர் கார்டுக்கும் போட்டோ எடுப்பவர். எங்கள் மெஷினைத் தூக்கிவர முடியாததால் அவருடைய கேமரா ஸ்டாண்டைக் கவிழ்த்துப் பிடித்து டிரில் ஆக்கினோம். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனி பெட்டகத்தில் இருந்ததால், நீல அட்டை போட்ட என் பாக்கெட் டைரிதான் பாஸ்போர்ட்.

"அசையாதீங்க. சிரிக்காதீங்க. காது ரெண்டும் தெரியணும்" என்றார் கலீல் ரஹ்மான் பழக்கத்தில்.

"சிரிக்கணும்" என்றேன் நான்.

"சிரிச்ச போட்டோவ எந்த ஆபீஸ்லயும் எடுத்துக்க மாட்டாங்களே."

"ஆபீசுக்கு இல்ல. பொண்டாட்டிக்கு."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அவர் பின்னால் இருந்த படுதாவை இழுத்தார். பனிமலையும் ஏரியும் வந்தன. வேண்டாம் என்று அதை மூடச் சொல்லி, வெறும் சுவரில் எடுத்தோம். கார்மேகம் பெரிதாக நடித்தான். களைப்புக்கு நாக்கைத் தொங்கப்போட்டான். சிரிப்புக்கு முப்பத்திரண்டு பல்லையும் காட்டினான். கலீல் ரஹ்மானே கேமராவிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்துவிட்டார்.

பிரிண்ட் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டேன். ஆறு போட்டோவுக்கு மேல் எடுத்தால் சின்ன ஆல்பம் ஒன்று இனாம். "குடுங்க, நானே அடுக்கித் தாறேன்" என்று கலீல் ரஹ்மான் வாங்கிச் செருகினார். எட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இருந்தது. மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

அந்த இரண்டு வாரமும் கார்மேகம் தரையில் நடக்கவில்லை. டிரில் போடும்போது காதுக்கு மூடி போட்டுக்கொள்வார்கள். போட்டுவிட்டால் மலை உடைவதுகூடக் கேட்காது, கல் மட்டும் மெதுவாகச் சரிந்து விழும், ஆட்கள் வாயை அசைத்துக்கொண்டு வெள்ளைப் புகைக்குள் வருவார்கள், போவார்கள். "அப்ப நான் தாமரைக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு பாய். இப்ப ஆல்பத்தப் புரட்டுறா, இப்ப மூணாவது போட்டோ பாக்குறான்னு எனக்கே தெரியுது" என்றான். மதியத் தூக்கத்தில் அவள் பேசாத படத்தில் வந்ததாகவும், அவள் பேசி முடித்தபின் வந்த கறுப்பு அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை என்றும், நான் மட்டும் அதை நிறுத்தாமல் படித்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னான்.

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி, என் மொபைலில் ஸ்பீக்கரைப் போட்டு, சந்தியாவோடு பேசினான்.

"வந்துச்சா மதினி?"

"வந்துச்சு தம்பி. ஏன் தம்பி இப்படிச் செஞ்சீங்க?"

"எப்படிச் செஞ்சேன்?"

"மொதல்ல ஈன்னு இளிக்கிறீங்க. உன்னப் பாத்தாச்சுன்னு கையக் காட்டுறீங்க. பெட்டியக் கட்டுறீங்க. பாஸ்போட்ட எடுக்குறீங்க. இங்க முடிஞ்சுச்சுன்னு கையத் தட்டுறீங்க. அப்பறம் தொப்பியப் போட்டுக்கிட்டு மெசினப் புடிச்சு நிக்கிறீங்க. திரும்பவும் கல்லொடைக்கத்தான் போறேன்னு சொல்ல எட்டு போட்டோவா? அவ பொரட்டிப் பாத்தா, எந்திரிச்சுப் போயிட்டா. திருப்பூர்ல அவ அக்கா இருக்காள்ல, பனியன் கம்பெனில? அங்க போயிருறாளாம். ஆடி போகட்டும், ஆவணி மொத வெள்ளி போறேன்னு கையால சொல்லிட்டா."

போனை வைத்தபிறகு கார்மேகம் என்னைப் பார்த்தான். நான் அன்று மாலையே கலீல் ரஹ்மானிடம் போய், அதே மாதிரி வேறு ஒரு ஆல்பத்தை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் தங்க எழுத்தில் அரபி. திறப்பு வலப்பக்கம். முதல் போட்டோ, நம்மூர்க் கைக்குக் கடைசிப் போட்டோ.

"ஆல்பம்னா இப்படித்தான தொறக்கும்?" என்றார் அவர். "பத்து வருஷமா அரபி வீட்டுக் கலியாணத்துக்கு அடுக்கின கை."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஓதும்போது வலமிருந்து, எழுதும்போது இடமிருந்து. சிறுவயது முதல் என் கைக்கு இரண்டும் பழக்கம். அதனாலேயே எனக்குக் கண்ணில் படவில்லை. நம்பர் போட்டதில் எனக்கிருந்த பெருமை, நம்பர் முதுகுப்பக்கம் மறைந்துபோனதைக் கவனிக்க விடவில்லை. கேம்ப்பில் இத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். தலைகீழாகப் போன கடிதம் இது ஒன்றுதான்.

சந்தியாவிடம் போன் செய்து, கடைசியிலிருந்து புரட்டச் சொன்னோம். அவள் தாமரையின் எதிரே உட்கார்ந்து திருப்பிக் காட்டினாளாம். தாமரை பார்க்கவில்லையாம். சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம்.

ஜூலை முப்பதாம் தேதி, கோரா வின்ஸ்லியின் கடைசிப் பகுதி. 1928இல் படங்கள் பேசத் தொடங்கின. பூந்தொட்டிக்குள் மைக்கை ஒளித்துவைத்து அவளைப் பேசச் சொன்னார்கள். அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினைந்து வருஷமாக ஆயிரம் ஊர்களில், கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனும் தன் மனதுக்குப் பிடித்த ஒரு குரலை அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தான். உண்மையான குரல் எவன் மனதில் இருந்த குரலோடும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேசும் படங்கள்; அப்புறம் அழைப்பில்லை. கடலோரம் ஒரு ஊரில் நாற்றுப் பண்ணை வைத்து ரோஜா விற்றாள். வயதான காலத்தில் ஒருவர் தேடிப்போய்க் கேட்டபோது, கேமராவுக்கு நடிப்புத் தெரிந்துவிடும் என்றாளாம். மனதில் இல்லாததை முகத்தில் வைத்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதலில் மனதில் முடிவு செய்துகொண்டு, பிறகு சும்மா நிற்பேன் என்றாளாம்.

பிறகு அவளுடைய கடைசிப் பேசாத படத்திலிருந்து ஒரு காட்சி. ஜன்னலோரம் அவள். ஒரு நிமிஷம் முழுக்க முகம் மட்டும். ஒன்றுமே செய்யவில்லை. ஹாலில் ஏ.சி. நின்றுபோயிருந்தது, அதைக்கூட அப்புறம்தான் கவனித்தோம்.

மற்றவர்கள் எழுந்துபோன பின்னும் கார்மேகம் பெஞ்சிலேயே இருந்தான்.

"பாய், நேரா அடுக்கியிருந்தாலும் அவ நம்பியிருக்க மாட்டா."

"ஏம்ப்பா?"

"நான் இன்னும் பேப்பர் குடுக்கல."

ரினிவல் வேண்டாம் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் எப்போதோ கொடுத்துவிட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"குடுக்காமத்தான் பெட்டியக் கட்டிக்கிட்டு நின்னியா?"

"போர்மேன் ரெண்டு வருஷம் இரு இருங்குறான். நானும் பாப்போம் பாப்போம்னு…" அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "பயமா இருக்கு பாய். பதினாலு மாசந்தான் கூட இருந்தேன். அவ கைச்சாடையில பாதி மறந்துபோச்சு. போயி எதுக்க நின்னு, அவ ஒண்ணு கேட்டு எனக்கு வெளங்கலன்னா? படத்துல ஒரு வெள்ளக்காரி சொல்றது வெளங்குது. எம் பொண்டாட்டி சொல்றது வெளங்கலன்னா, நான் என்ன செய்ய?"

"திருப்பூருக்குப் போயிட்டா வெளங்கிருமா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

வெளிச்சக்கோல் பெஞ்சின் மேல் நகர்ந்து அவன் முழங்காலுக்கு வந்திருந்தது.

ஆகஸ்டு முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டூட்டி ஏறுவதற்கு முன்னால் என் அறைக் கதவைத் தட்டினான். "எழுதுங்க" என்றான். இங்கிலீஷில் நாலு வரி. அவனே எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனான். "பாகல் ஹோ கயா க்யா?", பைத்தியமா பிடித்திருக்கு என்று போர்மேன் இந்தியில் கத்தியது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. வெளியே வந்தபோது கையில் நகல் இருந்தது. ரிசீவ்டு சீல் இன்னும் ஈரமாக இருந்தது.

"இப்ப வாங்க, போட்டோ எடுப்போம்" என்றான்.

"மறுபடி எட்டா?"

"ஒண்ணே ஒண்ணு."

வெள்ளிக்கிழமை கலீல் ரஹ்மானின் ஸ்டூடியோவில்தான் அது என்ன என்று சொன்னான். கேமராவுக்கு எதிரே நின்று, வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து, முழுதும் தெரிய லென்ஸ் பக்கம் சாய்த்தான். கையடித்துச் சத்தியம் செய்யக் கேட்கும்போது நீட்டுவோமே, அந்த மாதிரி.

"பொங்கலுக்கு வர்றேன்னு சொன்னப்ப வாய்ச்சொல்லுதான் பாய். கையடிச்சுக் குடுக்கல. நான் கையடிச்சா மாற மாட்டேன், அது அவளுக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன்னாடி, ஊரே வேணாம்னப்ப, அவளுக்குக் கையடிச்சுக் குடுத்துத்தான் கட்டுனேன். இந்தக் கை அவ கை வைக்கிற அளவுக்கு வரணும். எங்கையி எம்புட்டோ அம்புட்டு."

கலீல் ரஹ்மான் கண்ணைக் கேமராவில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "கை கிட்ட இருக்கு, மூஞ்சி தூரத்துல இருக்கு. கை தெளிவா வந்தா மூஞ்சி மங்கும். மூஞ்சி தெளிவா வந்தா கை மங்கும். எது வேணும்?"

"ரெண்டும் வேணும்."

"ரெண்டும் வேணும்னா எல்லா லைட்டையும் போடணும். லென்சைச் சுருக்கணும். நீங்க மூச்சுக்கூட விடாம நிக்கணும். முடியுமா?"

"முடியும்."

இருந்த நாலு விளக்கையும் அவர் பக்கத்தில் இழுத்துவைத்து ஏற்றினார். சுவர் போன இடம் தெரியவில்லை. வெள்ளை வெளிச்சத்தின் நடுவே ஒரு கையும் அதற்குப் பின்னால் ஒரு முகமும் மட்டும் மிதந்தன. "அசையாதீங்க. சிரிக்காதீங்க" என்றார். இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை. கார்மேகம் லென்சைப் பார்த்தான். களைப்பையும் காட்டவில்லை, சந்தோஷத்தையும் காட்டவில்லை. சூட்டில் கண் நிறைந்தது. துடைக்கவில்லை, இமைக்கவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து, அவன் என்ன சொல்கிறான் என்று சொல்ல எனக்கு ஒரு எழுத்து அட்டையும் தேவைப்படவில்லை. கேமரா கிளிக் என்றதும், எங்கேயோ தூரத்திலிருந்து திரும்பி வந்தவன் போல் கையைத் தொங்கவிட்டான்.

முதல் பிரிண்டில் கை சின்னதாக இருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அவன் கை ஏழரை அங்குலம், பிரிண்டில் ஆறேகால். கலீல் ரஹ்மான் பெரிய தாளை எடுத்து மறுபடி போட்டார். கார்மேகம் அதன் மேல் தன் இடது கையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தான். விரலுக்கு விரல் பொருந்தியது. வெகுநேரம் எடுக்கவில்லை.

"போதும்ப்பா, ஈரம் காயட்டும்" என்றார் கலீல் ரஹ்மான் மெதுவாக.

மறுநாள் சனிக்கிழமை, ஆகஸ்டு ஏழு. ஆவணி முதல் வெள்ளிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. நான் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டேன்; கார்மேகத்துக்குக் கிடைக்காது என்றார்கள், அவன் யாரிடமும் சொல்லாமலே வந்துவிட்டான். ஆல்பத்தின் கவரில் அண்ணன் மணிமாறன் பெயரைப் போட்டு, 'தாமரை பார்வைக்கு' என்று எழுதியிருந்தேன். அதைத்தான் எழுதப் போனேன்.

"அவ பேரு மட்டும் போடுங்க பாய். தபால்காரரு அவ கையிலதான் குடுக்கணும்."

தாமரை என்று பெரிதாக எழுதினேன். அடியில் தெரு, ஊர், தாலுகா, பின்கோடு. போட்டோவுக்கு முன்னும் பின்னும் மீரா சாகிபு காக்கா கொடுத்த பிஸ்கட் அட்டையை வெட்டி வைத்தேன். எந்தப் பக்கம் திறந்தாலும் இருப்பது ஒன்றே ஒன்றுதான். இருந்தும் கவரை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கார்மேகம் மூடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தி ஒட்டினான். பிறகு இன்னொரு முறை அழுத்தினான்.

கவுண்டரில் இருந்த மலையாளி எடை போட்டார். "டாக்குமெண்டா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

ரிஜிஸ்டர் சீட்டை ஒட்டி, ஸ்டாம்பின் மேல் இரண்டு குத்துக் குத்தி, கவரைத் தூக்கிப் பின்னால் திறந்து கிடந்த சாக்குப் பைக்குள் போட்டார்.